பழைய கார் ஒன்றும் ஆசையில்லாத கண்ணும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில், பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "ஏதாவது பயனுள்ளதா பேசுப்பா, தொழில்நுட்பமா இருந்தா நல்லது" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் செயற்கைக்கோள், செயற்கை நுண்ணறிவு என்று பேசிவிட்டுப் போய்விட்டார்கள். நான் பேசப் போவது ஒரு பழைய கார் வாங்கிய கதை. சிரிக்காதீர்கள். இங்கே இருக்கிற இறுதியாண்டு மாணவர்களில் பாதிப் பேராவது முதல் சம்பளம் வாங்கி மூன்று வருடத்துக்குள் ஒரு செகண்ட் ஹேண்ட் காரைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்க்கத்தான் போகிறீர்கள். டயரை உதைப்பதால் ஒன்றும் தெரியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிட வேண்டும். 2014-ல் எனக்கு வேலை சென்னைப் பக்கம். அந்த வருடம் ஜனவரியில்தான் மாருதி 800 தயாரிப்பை நிறுத்தினார்கள். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த வண்டி, முப்பது வருடம் ஓடிய பெயர். 'இனிமே கிடைக்காது' என்ற நினைப்பே எனக்கு ஒரு போதையாகிவிட்டது. 2001 மாடல் ஒன்று, சிவப்பு நிறம், 48,000 ரூபாய். சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தேன், பெயிண்ட் பளபளத்தது, மறுநாள் பணம் கொடுத்துவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்ததை நான் படிக்கவே இல்லை. கடன் கட்டி முடித்தாயிற்று என்றார் விற்றவர். முடித்ததுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் நிறுவனத்திடம் தடையின்மைக் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் வாங்கி, அந்தப் பெயரை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீக்கவில்லை. அந்த நிறுவனத்தின் கிளையே இடம் மாறிப் போயிருந்தது. என் பெயருக்கு வண்டி மாற ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் டிக்கியின் அடித்தகடு துருப்பிடித்து, ஸ்டெப்னி வழியாகத் தரை தெரிந்தது. பி.இ. முதல் வகுப்பு! இயந்திரவியல் படித்தவன் பெயிண்ட்டைப் பார்த்து வாங்கினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பட்டறையில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்த சாரை இங்கே எல்லோருக்கும் தெரியும். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் ஃபோர்மேன் சார் என்றே சொல்கிறேன். லேத் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்று, "மூணாவது மெஷின்ல பேரிங் போகுது" என்பாரே, அவர்தான். 2024 ஜூன் மாதம் ஒருநாள் இரவு போன் செய்தார். "தம்பி, ஒரு சின்ன கார் பார்க்கணும். நீ ஒரு நாள் வரணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், உங்களுக்குத் தெரியாத வண்டியா? நான் வந்து என்ன பார்க்கப் போறேன்?" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கு. வாரம் மூணு தடவை லால்குடியிலேர்ந்து திருச்சி. எனக்கு வண்டி வாங்கியே ஆகணும்னு இருக்கு. அப்படி இருக்கறப்ப கண்ணு குறையைப் பார்க்காது தம்பி. ஆசையில்லாத கண்ணு ஒண்ணு கூட வேணும்."

பன்னிரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். என் வேலைக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை யாரும் சொன்னதில்லை.

போவதற்கு முன்னால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கணக்குப் போட்டோம். கார் தேவையா என்பதே முதல் கேள்வி. லால்குடிக்கு ரயில் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், படியேற முடியாது. வாடகை வண்டிக்காரர் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு தடவைக்கு 1,100 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். வருடத்துக்கு 156 தடவை. ஆக 1,71,600 ரூபாய். சாரின் ஓய்வூதியத்தில் இது என்ன பங்கு என்று நான் கேட்கவில்லை.

சொந்த வண்டி என்றால் ஒரு தடவைக்கு 44 கிலோமீட்டர். பழைய சின்னக் கார் ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து லிட்டருக்கு 13 கொடுக்கும் என்று வைத்தோம். விற்பவர்கள் 18 என்பார்கள், அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. அப்போது பெட்ரோல் 101 ரூபாய்ச் சுமாருக்கு இருந்தது. ஒரு தடவைக்கு 342 ரூபாய். வண்டி விலை, வாங்கியவுடன் செய்யவேண்டிய வேலை இரண்டும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்றும், நான்கு வருடம் ஓடும் என்றும், கடைசியில் ஒரு பைசாவும் தேறாது என்றும் வைத்தால் வருடத்துக்கு 37,500. ரிப்பேருக்கு 20,000. காப்பீடு 4,500. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு 62,000 ரூபாய் செலவு. ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டியைவிட 758 ரூபாய் மிச்சம். 62,000-ஐ 758-ஆல் வகுத்தால் 82 வருகிறது. அதாவது வருடத்தில் 82 தடவைக்கு மேல் அந்தப் பயணம் இருந்தால் சொந்தக் கார் லாபம், குறைந்தால் வாடகை வண்டியே மேல். சாருக்கு 156. வருடத்துக்கு ஐம்பத்தாறாயிரம் ரூபாய் மிச்சம்.

தம்பிகளே, இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போவதற்குக் கார் வாங்குகிறவர்கள், அதைக் கணக்குக்காக வாங்கவில்லை, ஆசைக்காக வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டு வாங்குங்கள். தப்பில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன்.

முதலில் பார்த்தது திருச்சியில் ஒரு விற்பனைக் கூடத்தில். 2011 மாடல் ஐ10, சென்னைப் பதிவு எண், 1,35,000 ரூபாய். மற்ற இடங்களில் அதே மாடலுக்கு இரண்டு லட்சம் கேட்டார்கள். வெள்ளை நிறம், உள்ளே புது சீட் கவர், மல்லிகை வாசனை ஸ்பிரே. சார் கதவைத் திறந்து மூடினார். நல்ல 'தொப்' என்ற சத்தம். அவர் முகத்தைப் பார்த்தேன். மனதுக்குள் வண்டியை ஏற்கெனவே வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்.

நான் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. காலை ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம், அதற்குள் ஏன் ஓட்டிச் சூடு பண்ணி வைத்தார்கள்? ஆறிக்கிடந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. எஞ்சின் சூடேறிவிட்டால் இந்தச் சாட்சிகளில் பாதி கலைந்துவிடும். அதனால் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆயில் மூடியைத் திறந்தேன், சுத்தம். புது ஆயில், அதுவும் ஒன்றும் சொல்லாது. பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தேன். எல்லோரும் ஒரு முழம் இழுத்துவிட்டு விட்டுவிடுவோம். நான் கடைசி வரை இழுத்தேன். சுருளுக்குள் எப்போதும் மடிந்தே கிடக்கும் அந்தக் கடைசி அரை முழத்தில் குறுக்கே ஒரு கோடு. காபிக் கறை மாதிரி, செம்மண் நிறத்தில். அதற்குக் கீழே துணியே விறைத்திருந்தது.

சாரைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் குனிந்து, சீட்டுக்கடியில் ஓடும் தண்டவாளத்தில் விரலை விட்டு எடுத்தார். துரு. தரைக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினோம், பஞ்சில் சேற்றுப் பொடி. ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூ பூத்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியபோது இந்த வண்டியும் கழுத்தளவு நின்றிருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் இப்படி எத்தனையோ வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர்களுக்குப் போயின. எஞ்சினுக்குள் போன தண்ணீரைக்கூட எடுத்துவிடலாம். வயரிங்கிலும் கம்ப்யூட்டர் பெட்டியின் இணைப்புகளிலும் போன தண்ணீர் இன்றைக்கு ஒன்றும் செய்யாது. ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி ரோட்டில் வண்டியை நிறுத்தும். பக்கத்து சீட்டில் டயாலிசிஸ் முடிந்து வந்த அம்மா இருப்பார்கள்.

கூடத்துக்காரர், "மழைக்காலத்துல ஈரம் இருக்கத்தான் சார் செய்யும்" என்றார். சார் அவரிடம் சண்டை போடவில்லை. கதவை மறுபடியும் அதே 'தொப்' சத்தத்துடன் மூடிவிட்டு வெளியே வந்து, "டீ சாப்பிடலாம் தம்பி" என்றார். டீக்கடையில் பத்து நிமிடம் அவர் பேசவே இல்லை. அவ்வளவு அனுபவசாலியையும் அந்த வெள்ளை வண்டி கிட்டத்தட்ட வாங்க வைத்துவிட்டது என்பதுதான் அவருக்குக் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வண்டி ஸ்ரீரங்கத்தில். 2010 அக்டோபரில் பதிவான சான்ட்ரோ ஜிங், ஒரே உரிமையாளர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. 61,000 கிலோமீட்டர். பார்க்க லட்சணம் இல்லை. கூரையில் பெயிண்ட் வெளுத்திருந்தது, பின் பம்பரில் தூணில் உரசிய கீறல். சான்ட்ரோ நம்ம ஊர்ப் பிள்ளைதான். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதலில் வெளியே வந்தது. 2003-ல் ஜிங் என்று மாறி, 2014 கடைசியில் நின்றது. உதிரிப் பாகம் லால்குடியிலேயே கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. பழைய வண்டிக்கு இந்தத் தகுதி பாதி மதிப்பு.

பெரியவர் முதலில் எங்களுக்குக் காட்டியது வண்டியை அல்ல, ஒரு ஃபைலை. 14 வருட சர்வீஸ் பில், தேதி வாரியாகத் துளை போட்டுக் கோர்த்தது. மீட்டரைத் திருப்புவது இன்றைக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் ஃபைலில் வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்த கிலோமீட்டர் எண்ணையும், பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும், ஸ்டீயரிங்கின் வழவழப்பையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி யாரும் திருப்ப முடியாது. இங்கே மூன்றும் ஒத்துப்போயின.

எஞ்சின் ஆறிக் கிடந்தது. ஸ்டார்ட் செய்தோம், புகை இல்லை. சார் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். "ஆல்டர்னேட்டர் பெல்ட் லேசா கத்துது. மத்தபடி சரி." ஓட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடித்தால் முன் ஆக்சில் மூட்டு தேய்ந்திருந்தால் 'டக் டக்' என்கும், அது இல்லை. ஹேண்ட்பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டோம், எஞ்சின் உடனே அணைந்தது, ஆகவே கிளட்ச் நழுவவில்லை. பள்ளத்தில் முன்பக்கம் 'லொட லொட' என்றது, கீழ்க்கையின் புஷ் போயிருக்கிறது.

இனிமேல்தான் அந்த ஃபைலே காட்டாத குறைகள். டயரைப் பார்த்தால் பட்டன் ஆழமாக, புதிது போல இருந்தது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படித்தேன்: 2315. அதாவது 2015-ன் 23-ஆவது வாரம் செய்த டயர். ஒன்பது வயது. ஓடாமல் நிழலில் நின்றதால் தேயவில்லை, ஆனால் ரப்பர் இறந்துவிட்டது, ஓரத்தில் முடி முடியாக வெடிப்பு. அடுத்தது டைமிங் பெல்ட். ஃபைலைப் பின்னிருந்து முன்னால் புரட்டினோம், மாற்றியதாக ஒரு பில்லும் இல்லை. "கிலோமீட்டர் அதிகம் ஓடலையே" என்றார் பெரியவர். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். அந்தப் பல் பெல்ட் ஓடும்போது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். எஞ்சின் தலையே போச்சு. ஐ10-ல் பாருங்கள், ஒரே பெயர், ஆனால் 1.1 லிட்டர் எஞ்சினுக்கு பெல்ட், 1.2 லிட்டருக்குச் செயின். எந்த எஞ்சின் என்று தெரியாமல் மாடல் பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

பட்டியல் எழுதினோம். டயர் நான்கு 13,200. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலி 6,500. புஷ் வேலை 4,500. பேட்டரி 4,000. ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் ஹோஸ்கள் 3,000. ஏ.சி. குளிரவில்லை, கண்டென்சர் கசிவு 7,000. ஏ.சி. ஆடம்பரம் என்று விட்டுவிடலாமா என்றார் சார். கூடாது என்றேன், அம்மாவுக்காகத்தானே வண்டி. மொத்தம் 38,200. அந்தத் தாளை அப்படியே பெரியவரிடம் கொடுத்தோம். குறை சொல்லிப் பேரம் பேசினால் விற்பவருக்குக் கோபம் வரும், கணக்கைக் காட்டினால் வராது. வங்கிக்காரர் இல்லையா, கூட்டலைச் சரிபார்த்தார்! 1,20,000 கேட்டவர் 1,05,000-க்கு இறங்கினார். பெயர் மாற்றம், காப்பீடு எல்லாம் சேர்த்து 6,800. ஆக ஒன்றரை லட்சம், திண்ணைக் கணக்கு தப்பவில்லை.

பெட்ரோல் ஹோஸ் பற்றிச் சிலர் கேட்பீர்கள். 2025-ல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. 2010-ல் செய்த ரப்பர் அதற்காகச் செய்தது அல்ல. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜும் சற்று இறங்கும். அதனால்தான் 18 என்றவர்களை நம்பாமல் 13 வைத்தேன்.

பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்த பிறகுதான் சாவி. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது அப்போதுதான். விற்ற வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற அண்ணன்மார்கள் இங்கேயும் சிலர் இருப்பீர்கள். இன்று இரவு தூங்க வேண்டாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. நம் நாட்டில் கார்களுக்கு ஏ.பி.எஸ்., டிரைவர் பக்க ஏர்பேக் இரண்டும் கட்டாயமானது 2019-ல்தான். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். சான்ட்ரோ அதில் இல்லை, ஆனால் அந்தக் காலத்து வண்டிதான். சாரிடம் சொன்னேன். "நாப்பதுக்கு மேல போக மாட்டேன் தம்பி, ராத்திரி ஓட்ட மாட்டேன்" என்றார். எதிரே வருகிறவனும் நாற்பதில் வருவானா? என் திண்ணைக் கணக்கில் இதற்கு ஒரு வரி இல்லை. புதுக் காருக்கு அவரிடம் ஆறு லட்சம் இல்லை. 'வாங்கலாம் சார்' என்று சொன்னது நான்தான். அம்மா அந்த வண்டியில் போகும் நாட்களில், இப்போதும் மதியத்துக்குள் ஒரு போன் செய்து வந்து சேர்ந்தாயிற்றா என்று கேட்டுவிடுகிறேன்.

2025 அக்டோபரில் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. 5,000 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் பசுமை வரி. ஹெட்லைட் ஒன்று மேலே பார்க்கிறது என்று முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். சார் ஒரு ஸ்குரூடிரைவரால் அங்கேயே சரிசெய்து மறுநாள் காட்டினார். ஐந்து வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருபது வயது தாண்டிய கார்களுக்குக் கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது, 10,000 ரூபாய். அதுவரை இதை வைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவரோ வைத்திருப்பேன் என்கிறார்.

சென்ற மாதம் ஒருநாள் போன் செய்து, "பேசாம கேளு" என்று சொல்லிவிட்டு போனை பானெட்டுக்குள் நீட்டினார். அரை நிமிடம் கேட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் பேரிங் என்றேன். "ஏ.சி. புல்லி" என்றார். கழற்றிப் பார்த்தால் ஏ.சி. புல்லிதான்.

இன்றைக்கு அந்த வண்டியில்தான் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பழைய பட்டறைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மாணவர்கள் சாப்பாடு முடிந்ததும் போய்ப் பார்க்கலாம், சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் திறந்துவிடாதீர்கள்.